இரவு முறைக்கும் ஒரு கணக்கு வேண்டும்

கொழும்பில் இருந்துகொண்டு எங்களுக்கு ஒன்-கோல் ரோஸ்டர் (எந்த நாள் இரவில் யார் போனுக்கு எழும்ப வேண்டும் என்கிற முறைப்பட்டியல்) போடுகிற மென்பொருள் நிறுவன மேலாளர்களுக்கு,

வணக்கம்.

கல்லடியிலிருந்து எழுதுகிறேன். 14 வருடமாக டேட்டாபேஸ் பார்க்கிற வேலை. முதல் 8 வருடம் வெள்ளவத்தையில் அறை எடுத்து இருந்தேன். வெள்ளிக்கிழமை இரவு மட்டக்களப்பு பஸ்ஸில் ஏறுவது, ஞாயிறு இரவு திரும்பவும் ஏறுவது, திங்கள் காலை கோட்டையில் இறங்கி முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே ஒபிஸ். 2020 இல் கொரோனா வந்து எங்களை வீட்டுக்கு அனுப்பினீர்கள். அனுப்பினவர்கள் திருப்பிக் கூப்பிடவில்லை. அதற்கு இன்றும் நன்றியோடுதான் இருக்கிறேன். "ஊரில் இருந்து வேலை செய்ய விட்டது போதாதா இவனுக்கு" என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக இதை முதலிலேயே எழுதிவைக்கிறேன்.

விஷயமே அங்கேதான் இருக்கிறது. இவன் வீட்டில் இருக்கிறான், ஆகவே கூப்பிட்டால் எழும்புவான் என்று ஒரு கணக்கு உங்களிடம் இருக்கிறது. யாரும் அதை எழுதிவைக்கவில்லை. ஆனால் 6 வருடமாக ரோஸ்டர் அதன்படிதான் ஓடுகிறது.

என் அப்பாவுக்குப் படுவான்கரையில், உன்னிச்சைக் குளத்துக்குக் கீழே 3 ஏக்கர் வயல் இருந்தது. சிறுபோகத்தில் தண்ணீர் மட்டுமட்டு. வாய்க்காலில் யாருக்கு எப்போது தண்ணீர் என்று வட்டவிதானை (வாய்க்கால் தண்ணீரைப் பங்கிடுகிறவர்) முறை வைத்துக் கொடுப்பார். அப்பாவின் முறை சில வேளை சாமம் 2 மணிக்கு விழும். டோர்ச் லைட்டையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு போவார். யானைக்குப் பயந்து இரண்டு பேராகத்தான் போவார்கள். முறை முடிந்து விடியப்புறம் வந்து படுத்தாரென்றால் பகல் 10 மணிவரை வீட்டில் ஒரு பாத்திரம் சத்தமாக வைக்கமாட்டோம். அடுத்த முறை பக்கத்து வயல்காரருடையது. அப்பாவுடையது எந்த நாள் என்பது கிழமைக்கு முன்னமே எல்லோருக்கும் தெரியும். இதைப் பார்த்துக்கொண்டதற்காக வட்டவிதானைக்குப் போகம் முடிய நெல் அளந்து கொடுப்பார்கள்.

பள்ளிக்கூடப் படிப்பு அதிகம் இல்லாத மனிதர்கள் ஓர் இரவு வேலையை இவ்வளவு ஒழுங்காக நடத்தினார்கள். நாங்கள் வந்தாறுமூலையிலும் மொறட்டுவையிலும் பட்டம் எடுத்தவர்கள். எங்கள் ரோஸ்டர் மாதம் தொடங்கி மூன்றாம் நாள் வருகிறது. வந்த பிறகும் வாட்ஸ்அப்பில் மாறுகிறது.

கடந்த வருடம் ஆனி மாதத்தில் ஓர் இரவைச் சொல்கிறேன். லண்டன் வாடிக்கையாளர் ஒருவருடைய நாள்முடிவுக் கணக்கு அவர்களுக்கு இரவு ஒன்பதரைக்கு ஓடத் தொடங்கும். எங்களுக்கு அது அதிகாலை 2 மணி. (குளிர்காலத்தில் 3 மணி. அங்கே அவர்கள் கடிகாரத்தைத் திருப்பினால் இங்கே கல்லடியில் என் நித்திரை ஒரு மணித்தியாலம் நகரும். எங்கள் நாடும் 1996 இல் இரண்டு தரம் கடிகாரத்தை மாற்றிப் பார்த்து, 2006 சித்திரையில் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணித்தியாலம் முந்திய பழைய நேரத்துக்கே வந்து சேர்ந்தது. அந்த மாற்றம் எல்லாம் இன்னும் ஒவ்வொரு டேட்டாபேஸின் நேரப் பட்டியலுக்குள்ளும் கிடக்கிறது. அதைப் பார்க்கும்போது எனக்கு ஊர்க்கதை வாசிப்பதுபோல இருக்கும்.) 2.10 க்குப் போன் அடித்தது.

டிஸ்க் நிரம்பி டேட்டாபேஸ் நின்றுவிட்டது. காரணம் சின்னது. டேட்டாபேஸ் எந்த மாற்றத்தையும் முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும். இந்தக் குறிப்பேட்டைப் படிக்க இன்னொரு சேர்வர் வரும் என்று சொல்லிவைத்துவிட்டால், அது வந்து படித்து முடிக்கும் வரை பழைய பக்கங்களைக் கிழிக்காது. படிக்கிற சேர்வரை ஏதோ ஒரு புரொஜெக்ட் முடிந்தது என்று 3 கிழமைக்கு முன் யாரோ நிறுத்திவிட்டார்கள். டேட்டாபேஸிடம் சொல்லவில்லை. அது பாவம், வருவான் வருவான் என்று பக்கங்களைச் சேர்த்துச் சேர்த்து வைத்து, கடைசியில் மூச்சுமுட்டி நின்றது.

டிஸ்க்கைப் பெருப்பித்து முதல் சேர்வரை எழுப்ப 40 நிமிடம் போனது. அதற்குள் மாற்றுச் சேர்வர் (முதலாவது விழுந்தால் அதன் இடத்துக்கு வர, அதே தரவைப் பிரதி எடுத்துக்கொண்டே இருப்பது) பின்தங்கிப் பிரதி அறுந்துவிட்டது. அதன் டிரெக்டரியை வெறுமையாக்கி, முதல் சேர்வரிலிருந்து புதிதாகப் பிரதி எடுக்க வேண்டும். எனக்கு முன்னால் இரண்டு கறுப்புத் திரை. அழிக்கிற கட்டளையை எழுதி முடித்துவிட்டேன். என்டர் அழுத்தவில்லை, அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்து அம்மா எழும்பி வந்து பிளேன்டீயை மேசையில் வைத்தார். "என்ன மனே, விடியப் போகுது, இன்னும் படுக்கல்லியா?" என்றார். திரும்பி ஒரு மிடறு குடித்துவிட்டுத் திரையைப் பார்த்தால், கட்டளை நிற்பது முதல் சேர்வரில்.

கை குளிர்ந்துவிட்டது. எழுத்தை ஒவ்வொன்றாக அழித்தேன். பிறகு சரியான திரையில் எழுதி, நாலரைக்கு எல்லாவற்றையும் முடித்தேன். காலை எட்டரை மீட்டிங்கில் சேவை வழமைக்குத் திரும்பியதாகச் சொன்னேன். "குட் ஜொப்" என்றீர்கள். அந்த பிளேன்டீ அறிக்கையில் இல்லை.

இதே தவறை என்டர் அழுத்தியும் செய்தவர் ஒருவர் இருக்கிறார். 2017 ஜனவரி 31 இரவு, புரோகிராம் எழுதுகிறவர்கள் தங்கள் கோடை வைத்துக்கொள்ள இடம் தருகிற கிட்லாப் நிறுவனத்தில். அதே வேலை: பின்தங்கிய மாற்றுச் சேர்வரை வெறுமையாக்குவது. அதே பிழை: மற்றச் சேர்வரின் திரை. ஓரிரு நொடியில் நிறுத்தியும் 300 ஜிபி அளவில் இருந்ததில் நாலரை ஜிபிதான் மிஞ்சியது. பேக்கப்புக்கென்று வைத்திருந்த 5 வழிகளில் ஒன்றும் ஒழுங்காக வேலை செய்யவில்லை என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. வேறொரு தேவைக்காக அதே பொறியாளர் 6 மணித்தியாலத்துக்கு முன் கையால் எடுத்து வைத்த ஒரு பிரதிதான் மானத்தைக் காப்பாற்றியது. அந்த நிறுவனம் எதையும் மூடி மறைக்காமல் குறிப்புகளை அப்படியே வெளியிட்டது. அதற்குள் ஒரு வரி இருக்கிறது, எங்கள் தொழிலில் இருக்கிறவர்கள் எல்லோரும் வாசிக்க வேண்டியது: நேரம் இரவு 11 ஆகிவிட்டது, வேலையை நிறுத்தப் போகிறேன் என்று அவர் முன்னமே சொல்லியிருந்தார், திடீரென்று பிரதியில் கோளாறு வந்ததால் நிறுத்தாமல் இருந்துவிட்டார்.

இதை வாசித்தவர்கள் பேக்கப்பைப் பற்றித்தான் பேசினார்கள். பேசத்தான் வேண்டும். நம் நாட்டிலேயே 2023 இல் அரசாங்க மின்னஞ்சல் சேவையை ரான்சம்வேர் (தரவைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்கிற நிரல்) தாக்கியபோது மே 17 தொடக்கம் ஓகஸ்ட் 26 வரைக்குமான கடிதங்கள் திரும்பக் கிடைக்கவில்லை. அந்தக் காலத்துக்குப் பேக்கப் இல்லை. ஆனால் எனக்குத் தைத்தது அந்த 11 மணி. வேலையை முடித்துக்கொண்டு எழும்பப் போன மனிதன் திரும்ப உட்கார்ந்த நேரம்.

இனி, நீங்கள் வருடா வருடம் எங்களுக்குச் சொல்கிற ஒரு கதைக்கு வருகிறேன். "இந்த வேலையெல்லாம் சீக்கிரம் தானாக நடக்கும், அதற்குப் பிறகு உங்களுக்கு இரவு வேலையே இருக்காது" என்கிற கதை.

நான் வேலைக்குச் சேர்ந்த 2012 இல், எஸ்கியூஎல்லின் (அட்டவணை டேட்டாபேஸோடு பேசுகிற மொழி) காலம் முடிந்துவிட்டது என்று ஒரு பேச்சு. கூகுளும் அமேசானும் 2006, 2007 இல் வெளியிட்ட கட்டுரைகளிலிருந்து பிறந்த புது வகை டேட்டாபேஸ்கள் எல்லா இடத்திலும். அட்டவணை, இணைப்பு, பரிவர்த்தனை (நடந்தால் முழுதாக நடக்கும், இல்லையென்றால் ஒன்றுமே நடக்காது என்கிற உறுதி) எல்லாம் பழங்காலம் என்றார்கள். அப்போது மேடை முழுக்க நின்ற மொங்கோடிபியே 2018 இல் பல ஆவணங்களுக்கான பரிவர்த்தனையைத் தன்னுள்ளே கொண்டுவந்தது. 1970 இல் ஐபிஎம்மில் இருந்த கொட் எழுதிய ஒரு கட்டுரையில் தொடங்கிய அட்டவணை முறை இன்னும் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. 1986 இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆய்வுத் திட்டமாகத் தொடங்கிய போஸ்ட்கிரஸ்தான் இன்று புதுப் பிள்ளைகள் முதலில் கேட்கிற பெயர். செயற்கை நுண்ணறிவுக்கு வேண்டிய வெக்டர் என்கிற எண் வரிசைகளைக்கூட இப்போது அதற்குள்ளேயே போட்டுவைக்கிறார்கள். எனக்கு இதில் ஒரு கள்ளச் சந்தோஷம் உண்டு என்பதை மறைக்கவில்லை.

2009 இல் அமேசான், டேட்டாபேஸை வாடகைக்கு விடத் தொடங்கியது. பேக்கப், பட்ச் (மென்பொருள் திருத்தம்), மாற்றுச் சேர்வர் எல்லாம் அவர்கள் பொறுப்பு. 2017 இல் ஓரக்கிள், தானே ஓட்டிக்கொள்ளும் டேட்டாபேஸ் என்று மேடையில் அறிவித்தது. இப்போது செயற்கை நுண்ணறிவு. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு சில்லறை வேலையைக் கையிலிருந்து எடுத்தது உண்மைதான். நான் முன்பு சனிக்கிழமை முழுக்க இருந்து போட்ட பட்ச் இப்போது நான் பார்க்காமலே போடப்படுகிறது. அதை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் மிச்சமான நேரம் எங்கே போனது? 2012 இல் என் கையில் 5 டேட்டாபேஸ் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் குணம் தெரியும், வீட்டு மாடுபோல. இப்போது 70. மெஷின் எடுத்துக்கொண்ட வேலைக்குப் பதிலாக எங்களுக்கு நித்திரையைத் தரவில்லை, இன்னும் 65 டேட்டாபேஸைத் தந்தீர்கள். இதற்கு மேல், கேள்வி கேட்டால் செயற்கை நுண்ணறிவு எழுதிக் கொடுக்கிற குவெரிகள் (டேட்டாபேஸிடம் தரவு கேட்கிற கட்டளைகள்) வேறு. இலக்கணம் சுத்தமாக இருக்கும். 4 கோடி வரி உள்ள அட்டவணையை இன்டெக்ஸ் என்கிற தேடல் அடைவு இல்லாமல் தலையிலிருந்து கால்வரை தடவிக்கொண்டு போகும். எழுதின பிள்ளைக்கு அது தெரியாது, கேட்டால் "அது டெஸ்டில் ஓடியதே அண்ணா" என்பான். டெஸ்டில் 200 வரி.

தானாக நடக்கிறது என்பதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. 2025 ஒக்டோபர் 20 ஐ எடுங்கள். அமேசானின் வட வேர்ஜீனியா நிலையங்களில் டைனமோடிபி என்கிற டேட்டாபேஸ் சேவையின் முகவரிப் பதிவு வெறுமையாகிவிட்டது. முகவரிகளைத் தானாகவே திருத்துகிற இரண்டு இயந்திர வேலைகள் ஒன்றின் காலில் ஒன்று மிதித்துக்கொண்டதால் வந்த வினை. அதைத் திருத்த அந்தத் தானியங்கியால் முடியவில்லை. மனிதர்கள் கைவைத்துத்தான் மீட்டார்கள். அதைச் சார்ந்திருந்த எத்தனையோ சேவைகள் உலகம் முழுக்க வரிசையாக விழுந்தன. தொடங்கிய நேரம் இலங்கையில் பகல் 12.18. அன்று தீபாவளி. எத்தனை வீடுகளில் எத்தனை பேர் பாதிச் சோற்றோடு இலையை மூடிவிட்டு எழும்பியிருப்பார்கள் என்று யாரும் எண்ணவில்லை. கோளாறு எத்தனை மணித்தியாலம் என்பது மட்டும் நிமிடக் கணக்கில் பதிவாகி இருக்கிறது.

நீங்கள் எண்ணுவதே இல்லை என்று சொல்லவில்லை. எண்ணுவதில் நீங்கள் கெட்டிக்காரர். வாடிக்கையாளரோடு 99.95 வீத நேரம் சேர்வர் ஓடும் என்று ஒப்பந்தம் எழுதினால் வருடத்துக்குச் சுமார் 4 மணி 23 நிமிடம் சேர்வர் படுக்கலாம். அதில் இந்த வருடம் எத்தனை நிமிடம் செலவாகிவிட்டது என்று கேட்டால் எந்த நேரமும் விடை இருக்கிறது. இந்த வருடம் என்னை எத்தனை இரவு எழுப்பினீர்கள் என்று கேளுங்கள். விடை இருக்காது. என்னிடம் இருக்கிறது, பழைய கொப்பி ஒன்றில் எழுதி வருகிறேன். தை முதல் இன்றுவரை 31 இரவு. அதில் 19 தரம் எழும்பி ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை, தானாகச் சரியாகிவிட்டது.

சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். 1954 ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 என்கிறது. மிஞ்சினால் ஒன்றரை மடங்கு. கடைக்குப் பலகை வைத்துப் பூட்டினால் வேலை முடிந்தது என்றிருந்த காலத்துச் சட்டம். எங்கள் நியமனக் கடிதத்தில் 'எக்சிகியூட்டிவ்' என்று ஒரு சொல்லைப் போட்டு, அந்த மிச்ச மணிக்கணக்கு உங்களுக்குப் பொருந்தாது தம்பி என்று விட்டீர்கள். அந்தச் சொல்லைப் பார்த்து என் அம்மா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது தனிக்கதை.

வேறு இடங்களில் இதைப் பேசித் தீர்த்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி 24 மணித்தியாலத்துக்குள் தொடர்ந்து 11 மணித்தியால ஓய்வு கட்டாயம். பெல்ஜியத்தில் நிவெல் என்கிற ஊரில் ஒரு தீயணைப்புத் தொண்டர். முறை நாளில் வீட்டில்தான் இருப்பார், ஆனால் கூப்பிட்டால் 8 நிமிடத்துக்குள் நிலையத்தில் நிற்க வேண்டும். வீட்டில் இருந்தாலும் அந்த நேரம் வேலை நேரம்தான் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2018 இல் சொன்னது. மனிதன் தன் வீட்டில் இருந்தும் தன் விருப்பப்படி இருக்க முடியவில்லை என்பதுதான் அவர்கள் பார்த்த நியாயம். எங்களுக்கு நீங்கள் கொடுத்திருப்பது 5 நிமிடம். கல்லடிப் பாலத்துக்குப் போய்க் காற்று வாங்கிவிட்டு வரக்கூட லேப்டொப் பையைத் தோளில் போட்டுக்கொண்டுதான் போகிறேன். மீன் பாடுகிறதா என்று காது கொடுத்துக் கேட்க வருகிற சுற்றுலாக்காரர்களுக்கு நடுவில், என் காது போனில்.

பிரான்ஸில் 2017 இலும் அவுஸ்திரேலியாவில் 2024 ஓகஸ்டிலும், வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டிக்கிற உரிமை நடைமுறைக்கு வந்தது. நல்லது. அங்கே இருக்கிற எங்கள் வாடிக்கையாளர் பக்கத்துப் பொறியாளர் மாலை 5 மணிக்குப் பிறகு போன் எடுக்கமாட்டார், எடுக்கத் தேவையில்லை. ஆனால் சேர்வர் 5 மணிக்குப் படுப்பதில்லையே. அங்கே எடுக்காத போன் இங்கே அடிக்கிறது. அவருடைய உரிமையின் மிச்சத்தை நாங்கள் சுமக்கிறோம், நீங்கள் அதை 24 மணிநேரச் சேவை என்று விற்கிறீர்கள். விற்பதில் எனக்கு வழக்கு இல்லை. விற்ற காசில் எங்கள் பக்கத்துக்கு என்ன வந்தது என்பதுதான் கேள்வி.

ஆள் இல்லை என்பீர்கள். அது பொய் இல்லை. 2022 ஐ யாரும் மறக்கவில்லை. பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. கார் பெட்டரியில் ரவுட்டரைக் கொழுவி, பெற்றோல் வரிசையில் நின்றபடி போன் இணைப்பில் வேலை செய்தோம். அந்த வருடமும் அடுத்த வருடமும் எங்கள் 7 பேரில் 4 பேர் மெல்பேர்னுக்கும் டொரொன்டோவுக்கும் போய்விட்டார்கள். போனவர்களில் நான் ஒருவரையும் குறை சொல்லமாட்டேன். ஆனால் 7 பேருக்குப் போட்ட ரோஸ்டரை 3 பேருக்கு மடித்தீர்கள், "கொஞ்ச நாளைக்குத்தான்" என்றீர்கள். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. ஒரே இடத்தில் இருந்து இரவும் பகலும் பார்க்கிற குழுவுக்குக் குறைந்தது 8 பேர் வேண்டும், 12 மணித்தியால முறையில் இரண்டு சம்பவத்துக்கு மேல் வரக் கூடாது என்று கூகுள் தன் பொறியாளர்களுக்கு வகுத்து வைத்திருக்கிறது. அவர்களிடம் காசு இருக்கிறது, சரி. 8 வேண்டாம். 5 ஆவது வேண்டாமா? மட்டக்களப்பிலும் ஒலுவிலிலும் வருடம் வருடம் கொம்பியூட்டர் படித்துவிட்டு வெளியே வருகிற பிள்ளைகள் வேலை தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். "அனுபவம் இல்லை" என்று நீங்கள் திருப்பி அனுப்புகிறவர்களை எங்கள் பக்கத்தில் ஆறு மாதம் உட்கார வையுங்கள், நாங்கள் பழக்கித் தருகிறோம். இதை மூன்று தரம் எழுத்தில் கேட்டுவிட்டேன்.

உங்கள் ரோஸ்டர் காப்பாற்றாததை நாங்களே காப்பாற்றுகிற ஒன்றும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் மூவரில் ஒருவர் காத்தான்குடி. இரண்டு பெருநாளுக்கும் அவருடைய முறையை நான் எடுப்பேன். தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் என்னுடையதை அவர் எடுப்பார். 4 வருடமாக இப்படித்தான். பெருநாள் அன்று பகல் பிரியாணிச் சட்டி ஒன்று காத்தான்குடியிலிருந்து வரும். உங்கள் ரோஸ்டரில் அந்த நாட்களில் இன்னும் பழைய பெயர்தான் இருக்கிறது, யாரும் கேட்டதில்லை. அவர் நோன்பு பிடிக்கிற மாதம் ஸஹருக்கு எழும்புவதால் அதிகாலை அலேர்ட் எல்லாம் தனக்கே வரட்டும் என்பார். நான் விடமாட்டேன். அந்த மனிதன் பகல் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் உங்கள் மீட்டிங்கில் இருக்கிறவர்.

கடந்த வருடம் ஆடி அமாவாசைக்கு அவருக்குக் காய்ச்சல். ஆகவே முறை என்னுடையது. அப்பா போனதிலிருந்து அந்த நாளில் அமிர்தகழிக்குப் போகாமல் இருந்ததில்லை, மாமாங்கேஸ்வரர் தீர்த்தம். போனைப் பொலித்தீன் பையில் சுற்றித் தம்பியிடம் கொடுத்துவிட்டுக் குளத்தில் இறங்கினேன். சனம் நெருக்கிக்கொண்டிருக்கிறது. இரண்டாம் முழுக்கில் தலையைத் தூக்கினால் தம்பி படிக்கட்டில் நின்று பையை ஆட்டுகிறான். ஏறி வந்து, ஈர வேட்டியோடு, ஐயரிடம் கொஞ்சம் பொறுங்கள் என்று கையைக் காட்டிவிட்டு, கச்சான் கடைக்குப் பின்னால் போய் லேப்டொப்பைத் திறந்தேன். டிஸ்க் 80 வீதம் என்று அலேர்ட். அந்த டிஸ்க் ஒவ்வொரு நாளும் அந்த நேரத்துக்கு 80 தொடும், பேக்கப் முடிய 60 க்கு இறங்கும். அந்த எச்சரிக்கையை எடுத்துவிடலாம் என்று நான் எழுதியது அப்போதே 5 மாதம் பழையது. "இருக்கட்டும், பாதுகாப்புக்குத்தானே" என்று பதில் வந்திருந்தது. திரும்பிப் போகும்போது ஐயர் அடுத்த வரிசைக்குத் தொடங்கிவிட்டார்.

அன்று பின்னேரம் அம்மா கேட்டார். "ராவு வேல செய்யிற ஆஸ்பத்திரிக்காரருக்கும் அடுத்த நாள் ஓஃப் இருக்கு. உங்கட ஒபிஸில அது தெரியாதா மனே?" எனக்குப் பதில் வரவில்லை. தெரியாது என்பதா, தெரிந்தும் என்பதா?

மெஷினுக்கு ஓய்வு கொடுக்க உங்களுக்குத் தெரிகிறது. போஸ்ட்கிரஸையே எடுங்கள். அழிந்த வரிகளைக் கூட்டித் துடைக்கவும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் அது போடுகிற இலக்கங்களில் பழையவற்றை உறையவைக்கவும் அதற்கு நேரம் வேண்டும். அதைப் பிடிவாதமாகத் தள்ளிக்கொண்டே போனால், இலக்கங்கள் 200 கோடியை நெருங்கும்போது இனி ஒரு எழுத்தும் எழுதமாட்டேன் என்று கதவைப் பூட்டிவிடும். அதற்கு முன்னாலேயே எச்சரிக்கையும் விடும். அந்த எச்சரிக்கை வந்தால் நீங்கள் ஓடிவந்து, வாடிக்கையாளருக்குக் கடிதம் எழுதி, ஞாயிறு காலை 2 மணித்தியாலம் ஒதுக்கித் தருகிறீர்கள். ஒதுக்கித் தந்த அந்த 2 மணித்தியாலமும் பக்கத்தில் முழித்திருப்பது நாங்கள் என்பது வேறு.

நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. ரோஸ்டர் முந்தின மாதம் 20 ஆம் திகதிக்குள் வர வேண்டும், வந்தால் மாறக் கூடாது; மாறினால் மாற்றுகிறவர் போன் எடுத்துச் சொல்ல வேண்டும், வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டுப் படுக்கக் கூடாது. இரவு 11 க்கும் காலை 5 க்கும் இடையில் எழுப்பப்பட்டவருக்கு அன்று காலை மீட்டிங் இல்லை, பகல் 12 வரை அவர் இல்லை. இதைக் கேட்டு வாங்க வைக்காதீர்கள். கேட்டு வாங்குகிற ஓய்வில் பாதி வெட்கத்திலேயே போய்விடும். முறை நாளுக்கு ஒரு தொகை, எழுப்பினால் மணிக்கணக்குக்கு இன்னொரு தொகை. எவ்வளவு என்பதைப் பேசலாம். பூச்சியம் என்பதைப் பேச முடியாது.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, காசு செலவில்லாதது. ஒவ்வொரு அலேர்ட்டையும் எழும்பின ஆளின் பெயரோடும் நிமிடத்தோடும் பதிவு செய்யுங்கள், மாதம் ஒருமுறை அந்தப் பட்டியலை எடுத்து, எழும்பியும் ஒன்றும் செய்யத் தேவைப்படாத அலேர்ட் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். என் கொப்பிக் கணக்கில் 31 இல் 19 அன்றே போய்விடும். அந்தப் பட்டியல் கூட்டத்துக்கு நீங்களும் வர வேண்டும். முடிந்தால் ஒரு கிழமை நீங்களும் முறையில் இருந்து பாருங்கள். டேட்டாபேஸ் தெரியாது என்று பயப்பட வேண்டாம். போன் எடுத்து எங்களை எழுப்பத் தெரிந்தால் போதும், எங்களில் ஒருவரை அதிகாலை 2 மணிக்குக் கூப்பிட்டு அந்தக் குரலைக் கேளுங்கள்.

ஆடி மாத ரோஸ்டர் இன்னும் வரவில்லை. அமாவாசை அன்று எனக்குப் பதிலாகக் காத்தான்குடி நண்பர் இருப்பார். இந்த முறை அதை நீங்களே ரோஸ்டரில் அவருடைய பெயர் போட்டு எழுத வேண்டும், அந்த நாளுக்குரிய காசு அவருக்குப் போக வேண்டும். அவருக்குக் காய்ச்சல் வந்தால் யார் என்பதையும் இப்போதே எழுதுங்கள். என் போன் அன்று காலை 5 மணி முதல் பகல் 1 மணி வரை வீட்டு அலுமாரிக்குள் இருக்கும். 80 வீத டிஸ்க் அலேர்ட்டை நேற்று நானே நிறுத்திவிட்டேன். அனுமதி கேட்டு அனுப்பிய கடிதத்துக்கு இன்றோடு ஒரு வருடமும் நாலு மாதமும்.

இப்படிக்கு,
கல்லடியிலிருந்து,
உங்கள் ரோஸ்டரில் இரண்டாவது பெயர்